இதை ஆர் தைச்சது?

எமது வேலைக்கு நடுவில் ஓர் இடைவெளி உண்டு. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, குசினியைக் கழுவித் துடைத்து முடிய மூன்று மணியாகும். மறுபடி ஆறு மணிக்கு நிற்க வேண்டும். அறைக்குப் போய்வர நேரம் காணாது. கோப்பிக் கடையில் இருக்கக் காசு காணாது. பரிஸில் றெஸ்ரோரண்ட் வேலை செய்யும் எம்போன்றவர்கள் இந்த மூன்று மணித்தியாலத்தை மெத்ரோ நிலையங்களிலும் பூங்கா வாங்குகளிலும் கழித்துவிடுவதுண்டு. குளிர்காலத்தில் வாங்கும் உதவாது. அப்படியொரு குளிர்காலத்தில்தான் லத்தீன் குவார்த்தியேயில் உள்ள சிறிய திரையரங்குகளுக்குள் நாம் ஒதுங்கத் தொடங்கினோம். பழைய ஹொலிவூட் படங்களை அங்கே இன்றும் திரையிடுகிறார்கள். கலைக்காகப் போனோம் என்று சொன்னால் அது பொய். சூட்டுக்காகப் போனோம்.

ஒருநாள் ஜோர்ஜ் கூக்கர் இயக்கிய ‘டின்னர் அற் எய்ற்’ (1933) ஓடியது. ஒரு பணக்கார வீட்டு விருந்து பற்றிய படம். விருந்துக்கான சாப்பாடு குசினியில் நாசமாகிவிட, வீட்டுக்காரி போடும் கூச்சலைக் கேட்டு எமது வரிசையில் மட்டும் சிரிப்பு எழுந்தது. பிறகு ஜீன் ஹார்லோ வெள்ளைச் சாற்றின் கவுணில் வந்தார். உடம்பின் மேல் பாலை ஊற்றிவிட்டது போன்ற கவுண். எம்மோடு வந்திருந்த அண்ணர் ஒருவர், ஊரில் தையற்கடை வைத்திருந்தவர், இங்கே இருபது வருடமாகக் கோப்பை கழுவுகிறவர், சிரிப்பை நிறுத்திவிட்டு முன்னுக்குச் சரிந்து இருந்தார். ‘கவுண்கள்: ஏட்றியன்’ என்று படத்தின் தொடக்கத்தில் எழுத்து ஓடியதை அவரும் கவனித்திருக்கிறார். வெளியில் வந்ததும் கேட்டார்:

“தம்பி, கீறினது அந்தாள், சரி. இதை ஆர் தைச்சது?”

பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாம். படித்து முடிக்காதவனிடம் ஒரு கேள்வி அகப்பட்டால் அவன் அதை இலேசில் விடமாட்டான். நூலகத்தில் தேடியதையும் படங்களில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

*

முதலில் ஒரு வியப்பு. ஹொலிவூட்டின் முதலாளிகளே துணியும் தோலும் விற்று வந்தவர்கள்தான். பரமவுண்டை ஆண்ட அடோல்ஃப் சூக்கோர் ஹங்கேரியக் கிராமமொன்றிலிருந்து பதின்ம வயதில் அமெரிக்கா வந்தவர். மென்மயிர்த் தோல் உடுப்பு வியாபாரம் செய்தவர். வில்லியம் ஃபொக்ஸ் ஹங்கேரியில் பிறந்தவர். நியூ யோர்க்கின் ஆடைத் தொழிலில் வேலை செய்தவர். யூனிவேர்சலை நிறுவிய கார்ல் லெம்லி ஜேர்மனியிலிருந்து வந்து, விஸ்கொன்சினில் உடுப்புக்கடை மனேஜராக இருந்தவர். வார்சோவில் பிறந்த சாமுவெல் கோல்ட்வின் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, பின் கையுறை விற்று உயர்ந்தவர். எல்லோருமே யூதர்கள். வறுமையும் வெறுப்பும் துரத்த வந்தவர்கள். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் முதலில் உடுப்பைக் கொண்டே அளக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய நாட்டில் வந்து இறங்கிய எவருக்கும் அது தெரியும்.

ஆனாலும் தொடக்கத்தில் ஹொலிவூட் பரிஸைப் பார்த்துத்தான் உடுத்தியது. 1929இல் பரிஸின் ஜோன் பத்தூ போன்றவர்கள் பாவாடையின் நீளத்தைத் திடீரென்று இறக்கினார்கள். எடுத்து முடித்த படங்களிலோ நடிகைகள் முழங்காலளவு பாவாடையோடு நின்றார்கள். படம் தியேட்டருக்கு வரும்போதே பழசாகிப்போனது. 1931இல் கோல்ட்வின், கொக்கோ ஷனலையே அழைத்துப் பார்த்தார். ‘ருநைற் ஓர் நெவர்’ (1931) படத்தில் குளோரியா சுவான்சனுக்கு அவர் உடுப்புச் செய்தார். ஆனால் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. ஷனலின் அழகு அடக்கமானது. நேரில், கிட்ட நின்று பார்க்க வேண்டியது. திரைக்கு வேண்டியதோ கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் எட்டும் உடுப்பு. பரிஸின் மாற்றங்களுக்குப் பின்னால் ஓடாத, தனக்கேயான பாணி ஒன்று ஹொலிவூட்டுக்குத் தேவைப்பட்டது.

அதைக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஏட்றியன். கனெக்ரிகட்டில் தொப்பிக் கடை வைத்திருந்த பெற்றோருக்கு 1903இல் பிறந்தவர். 1928 முதல் 1941 வரை எம்.ஜி.எம். ஸ்ரூடியோவின் உடையமைப்பு அவர் கையில் இருந்தது. கறுப்பு வெள்ளைக் கமராவுக்கு நிறம் தெரியாது. ஒளியும் நிழலும்தான் தெரியும். ஆகவே சாற்றின், சமிக்கி, இறகு, கண்ணாடி மணி என்று ஒளியைப் பிடிப்பவையும் உடைப்பவையுமே அவர்களின் வண்ணங்களாயின. ‘ஜெசபெல்’ (1938) என்றொரு படம். மணமாகாத பெண்கள் வெள்ளை உடுத்தி வரவேண்டிய விருந்துக்கு பெற்றி டேவிஸ் வேண்டுமென்றே சிவப்பு உடுத்தி வருகிறாள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது சிவப்பாகவே நினைவிருக்கும். படமோ கறுப்பு வெள்ளை. ஓறி-கெலி செய்த அந்தக் கவுண் உண்மையில் சிவப்பும் அல்ல. கமராவில் எடுபடும் வேறு நிறம். சிவப்பை எமது கண் தானே போட்டுக்கொள்கிறது.

*

இனி அண்ணரின் கேள்விக்கு வருவோம்.

ஹார்லோவின் கவுண் வழுகி இறங்குவதற்குக் காரணம் வெட்டு. துணியை இழையோட்டத்துக்கு நேராக வெட்டாமல், கோணமாக, குறுக்கே வெட்டினால் அது இழுபட்டு உடம்போடு போகும். 1920களில் இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர் பரிஸைச் சேர்ந்த மதலேன் வியோனே. சிறுமியாகவே தையல் பழகப் போன ஏழைப் பெண். பின்னாளில் தன் நிறுவனத்தில் தையற்பெண்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் மருத்துவ வசதியும் சாப்பாட்டுக்கூடமும் வைத்துக் கொடுத்தார். தன் உடுப்புகளைப் பிறர் நகலெடுப்பதைத் தடுக்க, துணியின் உள்முத்திரையில் தனது பெருவிரல் அடையாளத்தைப் பதித்தார். உடுப்பு என்பது கையால் ஆனது என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை என்றே எமக்குப் படுகிறது.

“குறுக்கை வெட்டினால் தையல் நெளியும் தம்பி,” என்றார் அண்ணர். “தொங்கவிட்டு, இறங்குமட்டும் பொறுத்திருந்துதான் விளிம்பு மடிக்கவேணும். அவசரப்பட்டால் துணி பழி வாங்கும்.” ஏட்றியனின் ஓவியத்தில் இல்லாத அறிவு இது.

ஸ்ரூடியோக்களின் தையற்கூடங்களில் வெட்டுபவர்கள், அளவு பார்ப்பவர்கள், மணி கோர்ப்பவர்கள், தொப்பி செய்பவர்கள், சாயம் போடுபவர்கள் என்று ஒரு பெரும் கூட்டமே வேலை செய்தது. ஒவ்வொரு நடிகையின் அளவுக்கும் பஞ்சு திணித்த உருவங்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் நடிகையின் பெயர் எழுதப்பட்டிருந்தது. தைத்தவளின் பெயரோ எங்கும் எழுதப்படவில்லை. இறுக்கமான கவுண் கசங்கக் கூடாதென்று நடிகைகள் உட்காரவும் முடியாமல், சரிவான பலகைகளில் சாய்ந்து நின்றே இளைப்பாறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அழகு அணிந்தவளையும் வேலை வாங்கியது.

1932இல் ‘லெற்றி லின்ரன்’ படத்தில் ஜோன் குரோவோர்டுக்கு ஏட்றியன் ஒரு வெள்ளைக் கவுண் செய்தார். தோளில் சுருக்கு மடிப்புகள் அடுக்கடுக்காகப் பொங்கி நிற்கும். அதன் நகல்களை நியூ யோர்க்கின் மேசிஸ் கடை 5 இலட்சம் விற்றதாக ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் பலர் அந்த எண்ணை நம்புவதில்லை. ஆனால் அந்தத் தோள் அமெரிக்கத் தெருக்களில் இறங்கியது உண்மை. இதில் ஒரு விநோதம் பாருங்கள். ஒரு நாடகத்திலிருந்து திருடப்பட்டது என்று 1936இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் படம் பல பத்தாண்டுகளாகத் திரையிட முடியாமல் கிடந்தது. கதையை நகலெடுத்ததற்குத் தண்டனை. கவுணை நகலெடுத்ததற்கு எவரும் கேட்கவில்லை. படம் மறைந்தது, உடுப்பு உலாவியது.

அமெரிக்காவில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லாத காலம் அது. ஸ்ரூடியோக்களிலிருந்து அதிக தூரமில்லாத லொஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்தில், கடைகளுக்கான உடுப்புகளைத் தைத்த பட்டறைகள் இருந்தன. அங்கே தைத்தவர்களில் பெரும்பான்மையினர் மெக்சிக்கோவிலிருந்து வந்த பெண்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். 1933 ஒக்ரோபரில், ‘டின்னர் அற் எய்ற்’ வந்த அதே ஆண்டில், அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்று நடத்திய றோஸ் பெசோட்டாவும் உக்ரேனிலிருந்து பதின்ம வயதில் வந்து நியூ யோர்க்கில் தையல் வேலை செய்தவர். ஸ்பானிய மொழி வானொலி மூலம் அவர்கள் ஆட்களைத் திரட்டினார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ஆனால் சங்கம் ஊன்றியது. எமது தேடலில் தைத்தவர்களின் குரல் கொஞ்சமாவது கேட்டது இந்த இடத்தில்தான். அதுவும் அவர்கள் ஊசியைக் கீழே வைத்தபோதுதான்.

*

பெயர் விடுபடுவது தையற்பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ‘சப்ரினா’ (1954) படத்தில் ஒரு கார்ச்சாரதியின் மகள் சமையல் படிக்கப் பரிஸுக்குப் போய், மிடுக்கான உடுப்போடு திரும்புகிறாள். பழகியவனுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை. ஒட்றி ஹெப்பேர்ண் அணிந்த அந்த உடுப்புகளைக் கொடுத்தவர் ஜிவோன்ஷி என்ற பரிஸ் இளைஞர். படத்தில் அவர் பெயர் இல்லை. ஒஸ்கார் எடித் ஹெட்டுக்குப் போனது. எடித் ஹெட் தன் வாழ்நாளில் 8 ஒஸ்கார் வாங்கியவர், பெரும் உழைப்பாளி. ஆனால் சக மாணவர்களின் ஓவியங்களையும் தன்னுடையவை போலக் காட்டியே பரமவுண்டில் முதல் வேலை பெற்றதாகப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். 1947இல் ஒலிவியா டி ஹவிலண்ட் ஒஸ்கார் வாங்க மேடையேறியபோது அணிந்திருந்த, பூக்கள் கையால் தீட்டப்பட்ட கவுணை வடிவமைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண். உள்முத்திரையில் இருந்ததோ ‘சோனியா றோசன்பேர்க்’ என்ற பெயர்.

இதைப் படித்தபோது எமக்குக் கோபம் வந்தது. உடனே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

‘கசபிளாங்கா’வை (1942) நாம் இரண்டு தரம் பார்த்தோம். அகதிகளின் படம். நடித்தவர்களில் பலர் நிசமாகவே ஹிட்லருக்குத் தப்பி வந்தவர்கள். பிரான்சில் பெரிய நடிகராயிருந்த மார்செல் தாலியோ அதில் சூதாட்ட மேசைக்காரனாக ஒரு சிறு பாத்திரத்தில் வருவார். கதைப்படி வதைமுகாமிலிருந்து தப்பி வந்த விக்ரர் லஸ்லோ, ஒரு கறை கூட இல்லாத வெளிர்நிறச் சூட் போட்டிருக்கிறான். முதல் தரம் பார்த்தபோது நாம் சிரித்தோம். எந்த அகதியப்பா இப்படி உடுத்துகிறான்?

இரண்டாம் தரம் சிரிப்பு வரவில்லை. அகதி விண்ணப்ப நேர்முகத்துக்கு இரவல் கோட் போட்டுப் போனவர்கள் நாம்தானே. அந்தக் கோட்டோடு ஈபெல் கோபுரத்தின் முன் நின்று படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினோம். அம்மா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறா. கோப்பை கழுவி வெடித்த கைகள் கோட்டுப் பைக்குள் இருக்கின்றன. கழுவும் தொட்டியை நாமும் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டோம். அதைப் பார்த்து, தானும் வரவேண்டும் என்று ஏஜென்சிக்குக் காசு தேடிய தம்பிமார் உண்டு. அப்படியென்றால் ‘கவுண்கள்: ஏட்றியன்’ என்ற எழுத்துக்கும் எமது படத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

எம்மிடையே சில நண்பர்கள் இந்தப் படங்களை முதலாளிகளின் மயக்கமருந்து என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. அழகு பொய்யில்லை, அதைக் கைகள் செய்தன. பொய் எங்கே வருகிறதென்றால், அந்தக் கைகளை மறைக்கும் இடத்தில்.

1970இல் எம்.ஜி.எம். தன் உடுப்புகளை ஏலத்தில் விற்றது. ‘த விசார்ட் ஒஃப் ஓஸ்’ (1939) படத்துக்காக ஏட்றியன் வடிவமைத்த, சமிக்கி தைத்த சிவப்புச் சப்பாத்துகளில் ஒரு சோடி 15,000 டொலருக்குப் போனது. 2024 டிசம்பரில் இன்னொரு சோடி 2 கோடியே 80 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. செய்தியைக் குசினியில் வாசித்துக் காட்டினோம். அண்ணர் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்:

“சமிக்கி தைச்ச பிள்ளையின்ரை பேர் போட்டிருக்கே?”

இல்லை என்றோம். அடுத்த முறை வீட்டுக்குப் படம் அனுப்பும்போது, கையைப் பைக்கு வெளியே விட்டு நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.