மணலும் கற்பலகையும்

கோழி கூவியும் கிழக்கு வெளுக்காத வேளையில், தஞ்சைச் சீமையின் கிராமம் ஒன்றில், சிறுவன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே தெருவில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். உபாத்தியாயர் வீட்டுத் திண்ணையைத் தனக்கு முன்னால் வேறு எவனும் எட்டிவிடக் கூடாதே என்பதுதான் அவனுடைய கவலை. முதலில் வந்து சேர்ந்தவனுக்கு ‘வேத்தான்’ என்று பெயர். அன்றைக்கு அவன்மேல் பிரம்பு படாது. பின்னால் வருகிறவர்கள் வந்த வரிசைக்குத் தக்கபடி அடி வாங்குவார்கள். 1855-ஆம் ஆண்டில் பிறந்து, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் திண்ணைப் படிப்பைத் தொடங்கிய மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், தம் முதுமையில் எழுதிய ‘என் சரித்திர’த்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரு நாளை விடியற்காலையிலிருந்து விவரித்திருக்கிறார். இந்த ஏற்பாடு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. 1823-இல் பெல்லாரி கலெக்டராக இருந்த காம்ப்பெல் அனுப்பிய அறிக்கையும், அங்கே முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கௌரவமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதினார்கள் என்றும், அடுத்தவனுக்கு ஒரு சுழியும் மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடியும் கிடைத்தன என்றும் கூறுகிறது.

படிப்பில் ஊக்கம் குறைந்த பிள்ளைக்கு இக்காலத்தில் எத்தனையோ உபாயங்கள் சொல்லப்படுகின்றன. அவையெல்லாம் அவன் ஒருவனுடைய மனவுறுதியையே நம்பி நிற்பவை. காவேரிக் கரையில் நம் முன்னோர் கண்ட வழி வேறு. இடமும் வேளையும் கூட்டமும் சேர்ந்து பிள்ளையைப் படிப்பின்பால் இழுத்துச் செல்லும்படி அவர்கள் பொழுதை அமைத்திருந்தார்கள் என்பதே, அந்தப் பழைய நாட்களைப் பற்றிப் படிக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது.

விடிவதற்கு முன் தொடங்கும் வேலை ‘முறை சொல்லுதல்’. முதல் நாள் கற்றதை ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் அவனைப் பின்பற்றிச் சொல்வார்கள். தூக்கம் முற்றும் கலையாத கண்களுக்கு ஏட்டில் வேலை கொடாமல், நாவுக்கும் செவிக்கும் முதலில் வேலை கொடுத்த நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். நன்றாக விடிந்த பின்பு பிள்ளைகள் வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போய்ப் பல் துலக்கி முகம் கழுவி நீறிட்டு, திரும்பி வரும்போது மணல் கொண்டுவருவார்கள். பழைய மணலை அகற்றிப் புதுமணலைத் திண்ணையில் பரப்பி, விரலால் எழுதுவார்கள். எழுதுவது கூட வாயை மூடிக்கொண்டு செய்யும் காரியமன்று. எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே விரல் ஓடவேண்டும். பிழையானால் உள்ளங்கையால் தடவிவிட்டால் போதும், பலகை மறுபடியும் புதிதாகிவிடும். வெயில் ஏறியதும் பழையது சாப்பிட விடுமுறை. வயிற்றை நிரப்பிக்கொண்டு வந்தபின் ஓலையும் எழுத்தாணியும். இடக்கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தாணியைக் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் தாங்கிக் கீறி, கீறிய கோடு கண்ணுக்குத் தெரியும்படி கரியும் இலைச்சாறும் தடவி எடுக்கும் வேலை, மணலில் விரல் நன்றாகப் பழகியவனுக்கே கைகூடும்.

மாலையில் பள்ளி கலையும் சமயத்தில் நடந்த ஒரு காரியம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்லவேண்டும். ஞாபகசக்தியை வளர்ப்பதற்காக ஏற்பட்ட பழக்கம் அது. வயல் வரப்பில் நடந்தாலும், ஆற்றில் குதித்தாலும், பாட்டியின் மடியில் படுத்தாலும், அந்த ஒரு பெயர் பிள்ளையின் நெஞ்சில் ஓர் ஓரத்தில் விழித்துக்கொண்டே இருந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டு செல்லும் பாடம் இதைவிடச் சிறியதாகவும் இதைவிட இனியதாகவும் இருக்க முடியுமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

திண்ணையில் பரப்பிய மணலின் கீர்த்தி கடல் கடந்தது. 1789-ஆம் ஆண்டில், சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளியை நடத்தும் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். ஒரு நாள் குதிரைமேல் சென்றபோது, தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதை அவர் கண்டார். தம் பள்ளிக்கும் அதுவே ஏற்றதென்று அவர் சொல்ல, அங்கிருந்த உபாத்தியாயர்கள் அதற்கு இசையவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார், அது பலித்தது. மூத்த மாணவன் இளையவர்க்குச் சொல்லிக் கொடுக்கும் இம்முறையைப் பற்றி 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலினால் ‘மதராஸ் முறை’ என்ற பெயர் இங்கிலாந்தில் பிரசித்தமாயிற்று. நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்பவன் எத்தனையோ காலமாகச் செய்துவந்த வேலை அதுவே. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவனுடைய பாடமே அவனுக்கு இரண்டாம் முறை வருகிறது. உபாத்தியாயர் ஒருவராக இருந்தும் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பவன் எவனும் இல்லாமற் போகிறான். பெல்லாரி காம்ப்பெல் தம் அறிக்கையில் வேறு பல குறைகளைக் கண்டிப்பாகச் சொன்னவர். மணலில் எழுதும் சிக்கனமும் சட்டாம்பிள்ளை முறையும் இங்கிலாந்து பின்பற்றத் தகுந்தவையே என்று மட்டும் மனம் திறந்து புகழ்ந்தார்.

காம்ப்பெல் அனுப்பியதைப் போன்ற அறிக்கைகளையெல்லாம் வரவழைத்தவர் கவர்னர் தாமஸ் மன்றோ. 1822-இல் அவர் இட்ட உத்தரவின்படி கலெக்டர்கள் தத்தம் ஜில்லாவின் பள்ளிகளைக் கணக்கிட்டு அனுப்பினார்கள். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து சென்ற கணக்கில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விச் சாலைகளும் குறிக்கப்பட்டன. திண்ணைகள் நிறைந்த நாடு அது. ஆனால் பெண் குழந்தைகள் அக்கணக்கில் மிகச் சிலரே. வயலில் இறங்கி உழைத்து அந்த நாட்டுக்கே சோறு போட்ட சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற உரிமை இல்லை. இந்த அநீதியை மறைத்து அக்காலத்தின் பெருமையைப் பேசுவது நியாயமாகாது.

திண்ணையில் கற்ற கணக்கைப் பார்த்தால் இது நெல் விளையும் நாடு என்பது விளங்கும். எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூலில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. நிலத்திலோ நூறு குழி கொண்டது ஒரு மா. இருபது மா கொண்டது ஒரு வேலி. எனவே ‘மா’ என்று சொல்லும் பிள்ளை, ஒன்றில் இருபதில் ஒரு பங்கையும் தன் தகப்பனாரின் வேலியில் இருபதில் ஒரு பங்கையும் ஒரே சொல்லால் சொல்கிறான்! நெல்லிலக்கமும் அப்படியே: இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று வாய்ப்பாடு ஓடும். களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளப்பவரின் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது புதுப் பாடமாகத் தோன்றியிராது. மாவுக்கு ஐந்து கலம் என்றால் வேலிக்கு நூறு கலம் என்று அவன் நொடியில் சொல்லிவிடுவான். வேலிக்கு நூறு கலம் என்பதோ, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து கொடுக்கவேண்டுமென்று ராஜராஜன் தன் பெரிய கோயிலின் கல்வெட்டில் வெட்டிவைத்த அளவு. முந்திரியையும் 320 கூறு செய்து கீழ்முந்திரி என்று நிலத்தைப் பகுத்த கணக்கர்களின் வழியில் வந்த படிப்பு அது. கற்றது மாலையிலேயே களத்தில் பயன்படும் என்ற நிச்சயத்தைக் காட்டிலும் பிள்ளைக்குச் சிரத்தை ஊட்டும் மருந்து வேறு என்ன இருக்கிறது?

ஆயினும் அந்தத் திண்ணைகளில் நான் விரும்பாதவை உண்டு. பொருள் தெரியாமல் நிகண்டையும் சதகங்களையும் நெட்டுருச் செய்தவர்கள் ஏராளம். கோதண்டம் என்ற பெயரால் சிறு பிள்ளையைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்ட தண்டனையை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பயத்தால் வந்த மனனம், பயம் நீங்கியதும் போய்விடும். அடிக்கு அஞ்சி ஓடிப்போன பிள்ளைகளின் கணக்கை யார் எழுதிவைத்தார்கள்?

பயமின்றியே அதே நியமத்தை நடத்தலாம் என்பதற்கு மாயூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டம் சாட்சி. 1871-ஆம் ஆண்டில், பதினாறு வயது கடந்த சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சென்றார். ஆசிரியருடைய வீட்டின் பின்புறத்துத் தோட்டத்தில் செடிகொடிகளும் மரங்களும் இருந்தன. விடியற்காலையில் எழுந்ததும் அவர் நேரே அங்கே சென்று, எந்தச் செடி தளிர்த்திருக்கிறது, எந்த மரம் துளிர் விட்டிருக்கிறது என்று ஆவலோடு பார்ப்பார். இதைக் கவனித்த மாணவர், அவருக்கு முன்னமேயே எழுந்து தோட்டத்தைச் சுற்றிப் புதுத் தளிர் இருக்கும் இடங்களைத் தெரிந்துகொண்டு, ஆசிரியர் வந்ததும் காட்டுவார். அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியின் நடுவே பாடம் தொடங்கும். உத்தமதானபுரத்துத் திண்ணையில் வேத்தானாக வேண்டுமென்று எழுந்த அதே விடியற்காலைதான். இங்கே பிரம்பு இல்லை, அன்பு இருந்தது. பிள்ளையவர்கள் புதிய செய்யுட்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவதும், எழுதியதைத் திரும்பப் படிப்பதும், படித்ததற்குப் பொருள் கேட்பதுமாகப் பொழுது கழியும். ஆசிரியர் நூல் இயற்றும்போது பக்கத்தில் இருந்து எழுதுகிறவன், ஒரு சொல் எவ்வாறு வந்து அமைகிறதென்பதைத் தன் கைவழியாகவே கற்றுக்கொள்கிறான்.

சோற்றுக்கு அலையாதவனுக்கே பொழுது கிடைக்கும் என்பதையும் தஞ்சை நாடு நன்கு அறிந்திருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகர் பண்டார சந்நிதியாக, அதாவது மடத்தின் தலைவராக, விளங்கிய காலத்தில், மடம் தமிழ் கற்க வந்தவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்தது. இரண்டாம் சரபோஜி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் ஏற்படுத்திய முத்தாம்பாள் சத்திரத்தில் அன்னதானத்தோடு பள்ளியும் நடந்தது. காவேரி கொடுத்த நெல்லில் ஒரு பங்கு இவ்வாறு படிப்பாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது.

கும்பகோணத்தில் 1854-இல் தோன்றிய அரசாங்கப் பள்ளி, பின்னர்க் கல்லூரியாகிப் புகழ் பெற்றது. சாமிநாதையர் 1880-இல் அங்கே தமிழாசிரியரானார். திண்ணைக்கு மாறாக, அங்கே மணி அடித்தால் பாடம், வருஷ முடிவில் பரீக்ஷை. எல்லாப் பாடத்திலும் சமமாகத் தேறியவனே தேறியவன். அதே கல்லூரியில் 1904-இல் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன், கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாமல் அச்சம்பளத்தை இழந்தார். கல்லூரி அவரைக் கைவிட்டபோது அவருக்கு இடம் கொடுத்தது மறுபடியும் ஒரு திண்ணையே. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருந்த தம் வீட்டின் திண்ணையில், கால்களை மடக்கி உட்கார்ந்து, மடியில் பெரிய கற்பலகையை வைத்துக்கொண்டு, தெருவில் போவோர் வருவோரைப் பாராமல் அவர் எழுதிக்கொண்டே இருப்பார். காகிதம் வாங்கக் கையில் காசு இல்லை. வழிமுறையெல்லாம் பலகையில், முடிவுகள் மட்டும் நோட்டுப் புத்தகத்தில். ஒரு வரி நிறைந்ததும், துணியைத் தேடிப் பொழுதைப் போக்காமல், முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அந்த வீடும் திண்ணையும் இன்றும் அதே தெருவில் இருக்கின்றன.