சூலை நோயும் வலிக்கிற இடமும்

அப்பருக்குச் சூலை நோய் வந்த கதை நம்ம பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நடந்த காலம் 7-ஆம் நூற்றாண்டு. சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவருக்குத் திடீரென்று வயிற்றுவலி. மயிற்பீலியால் தடவினார்கள், மந்திரித்த தண்ணீர் கொடுத்தார்கள், அடங்கவில்லை. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் ஓடி வந்தார். திருநீறு பூசிக்கொண்டு கோயிலில் பாடினார், வலி தீர்ந்தது என்பது கதை. பிறகு நம்ம அண்ணாமலைக்கும் அவர் பதிகங்கள் பாடியிருக்கிறார்.

இதை பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்த எனக்குச் சமீபத்தில்தான் ஒன்று உறைத்தது. அந்த முதல் பாட்டில் அவர் பேசுவது டாக்டரிடம் நோயாளி பேசுவது போலவே இருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, வயிற்றுக்குள் குடலோடு சேர்த்துக் கட்டி என்னை முடக்கிப் போடுகிறது என்கிறார். சுமார் 500 வருடம் கழித்து எழுதிய சேக்கிழார் அதே வலியை வடவைத் தீ, விஷம், வச்சிராயுதம் என்று அடுக்குகிறார். எனக்கென்னவோ அப்பர் சொன்னதுதான் பிடித்திருக்கிறது. வலி எவ்வளவு பெரியது என்று சொல்லாமல், அது என்ன செய்கிறது என்று சொல்கிறாரே!

இன்றைக்கும் டாக்டர்கள் அதைத்தான் கவனிக்கிறார்கள். குடலோ சிறுநீர்க்குழாயோ இறுக்கிப் பிடித்தால் ஆள் சுருண்டு புரளுவார். வயிற்றின் உள்சவ்வு முழுக்க அழற்சி என்றால் அசையவே பயந்து படுத்துக் கிடப்பார். (இதை வைத்து அப்பருக்கு வந்தது இன்ன நோய் என்று பெயர் வைப்பது வீண் வேலை.)

இடத்தைப் பார்த்து நோயைத் தேடுவது ஐரோப்பாவில் மெல்ல மெல்லத்தான் வளர்ந்தது. 1768-ல் லண்டனில் ஹெபர்டன் என்ற மருத்துவர் ஒரு நெஞ்சுவலியைப் பற்றிப் பேசினார். நடக்கும்போது வரும், அதுவும் மேடு ஏறினால், சாப்பிட்டவுடன் நடந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நின்றால் போய்விடும். சிலருக்கு இடது கைக்கும் பரவும். அது இதயத்தின் ரத்தக்குழாய் சமாச்சாரம் என்று அவருக்கே தெரியாது! 1889-ல் நியூயார்க்கில் மெக்பர்னி குடல்வால் அழற்சிக்கு வலது அடிவயிற்றில் ஒரு புள்ளியைக் காட்டினார். தொப்புளைச் சுற்றி ஆரம்பிக்கிற வலி அங்கே வந்து நின்றால் கவலைப்பட வேண்டும். 1893-ல் ஹென்றி ஹெட், உள்ளுறுப்பு கெட்டால் தோலில் எந்தப் பகுதி தொட்டால் வலிக்கும் என்று வரைபடமே போட்டார்.

காரணம் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். இதயத்திலிருந்து வரும் நரம்பும் இடது கையின் உள்பக்கத்திலிருந்து வரும் நரம்பும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போய்ச் சேருகின்றன. மூளைக்குக் கையிலிருந்து செய்தி வந்து பழக்கம், இதயத்திலிருந்து வந்து பழக்கம் இல்லை. அதனால் கைதான் வலிக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. உதரவிதானம் கருவில் கழுத்துப் பக்கத்தில் உருவாகிக் கீழே இறங்குவது. நரம்பையும் அங்கிருந்தே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் அதற்குக் கீழே கோளாறு என்றால் தோள்பட்டை வலிக்கலாம்.

எல்லாக் கைவலியும் இதயம் இல்லை. ரமண மகரிஷிக்கு இடது கையில் வந்தது அந்த இடத்திலேயே வளர்ந்த சார்கோமா கட்டி. 1949-ல் பல முறை அறுவை செய்தும் திரும்ப வந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு கிரிவலத்தில் பாதி தூரம் போனதும் மேல்வயிறும் தாடையும் வலிக்கும். உட்கார்ந்தால் சரியாகிவிடும். "வாய்வுப்பா" என்பார், கோலி சோடா குடிப்பார். மூன்று பௌர்ணமி இப்படியே போயிற்று. நான்காவது மாதம் அவருடைய மகள் வற்புறுத்தி ஈசிஜி எடுக்க வைத்தார். பிறகு ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட். இப்போது 14 கிலோமீட்டரையும் ஆட்டோவில் சுற்றுகிறார், அது கிரிவலக் கணக்கில் சேருமா என்று எங்களோடு சண்டை போட்டுக்கொண்டே.