உடைந்த உலோகத்தை ஒன்றாக்கிய வரலாறு



மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு அடியில், எண்ணெய் தங்குவதற்கென்று கிண்ணம் போன்ற பகுதி ஒன்று உண்டு. அதனைச் 'சம்ப்' என்பர். எண்ணெய்த் தொட்டி என்று நாம் சொல்லலாம். பல வண்டிகளில் அது எஞ்சின் உறையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். வழியில் துள்ளிய கல் தாக்கினாலும், அடித்திருகினை அளவுமீறி முறுக்கினாலும் அதில் மயிரிழை போன்ற விரிசல் விழும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசியும். இது சிறு குற்றம் என்று தோன்றலாம். ஆனால் எண்ணெய் வற்றிய எஞ்சினில், சுழலும் தண்டும் அதனைத் தாங்கும் பேரிங்கும் உராய்ந்து சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். ஓட்டுபவர் கதி என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த மயிரிழையை அடைப்பது உயிர் காக்கும் பணியாகும். அப்பணியை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

செப்புக் குடத்தில் ஓட்டை விழுந்தால் நம் ஊர்க் கன்னார் ஈயப் பற்று வைத்து அடைத்துவிடுவார். எஞ்சின் உறையை அவ்வாறு அடைத்தல் எளிதன்று. பெரும்பாலும் அது அலுமினியக் கலப்பினால் ஆனது. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்பவரும், பிரான்சில் பால் எரூ என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டனர். அதுவரை அரும்பொருளாக இருந்த அந்த உலோகம் மலிந்தது. எடை குறைந்த எஞ்சின் வேண்டியவர்கள் அதனை நாடினார்கள்.

அவர்களுள் ரைட் சகோதரர்களும் இருந்தனர். அமெரிக்காவின் டேட்டன் நகரில், அவர்களது சைக்கிள் கடையில் பணிபுரிந்த சார்லஸ் டெய்லர், ஆகாய விமானத்துக்கென ஓர் எஞ்சினை உருவாக்கினார். அதன் உடல் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. 1903 பிப்ரவரியில் சோதித்துப் பார்த்தபோது பெட்ரோல் பேரிங்குகளின்மேல் சொட்டியது. அவை இறுகிப் பிடித்துக்கொண்டன. எஞ்சினின் உடல் உடைந்தது. வார்ப்படச் சாலையில் புதிய உடல் வார்த்து வாங்க நேர்ந்தது. அது ஏப்ரல் மாதத்தில்தான் கைக்கு வந்தது. உலகை வியக்கவைத்த பறப்பு அதே ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் நிகழ்ந்தது.

அலுமினியத்தை ஒட்டுவதில் என்ன இடர்? காற்றுப் பட்டவுடன் அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஆக்ஸைடு படலம் மூடிக்கொள்கிறது. உலோகம் ஏறத்தாழ 660 பாகை செல்சியஸில் உருகும். படலமோ 2,000 பாகைக்கு மேலேதான் உருகும். உள்ளே உலோகம் உருகி ஓடினாலும் படலம் இடையே நின்று இரு பக்கங்களும் கலவாதபடி தடுக்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பு காய்ந்தால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து, திடீரென்று சரிந்து விழும்.

இரும்பை இணைக்கும் கலை இதற்கு முன்பே வளரத் தொடங்கிவிட்டது. ஆக்ஸிஜனும் அசிட்டிலீனும் சேர்ந்து எரியும் சுடர் 3,000 பாகைக்கு மேல் வெப்பம் தரும் என்று 1895-இல் பிரெஞ்சு அறிஞர் லெ ஷாத்தலியே கண்டறிந்தார். மின்வில்லைக் கொண்டு உலோகத்தைப் பற்றவைக்கும் முறையும் பெருகியது. அக்கலையின் ஆற்றலை உலகுக்குக் காட்டியது ஒரு போர்.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானியக் கப்பல்கள் பல அமெரிக்கத் துறைமுகங்களில் முடங்கிக் கிடந்தன. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கும் வேளை வந்தபோது, கப்பல்கள் எதிரிக்குப் பயன்படலாகாது என்று கருதிய மாலுமிகள் எஞ்சின்களின் வார்ப்பிரும்பு உருளைகளை உடைத்துப் போட்டனர். அவற்றைப் புதிதாக வார்ப்பதானால் நெடுங்காலம் ஆகும். ஆனால் அமெரிக்கக் கடற்படையினர் உடைந்த இடங்களுக்கு ஒட்டுத்துண்டு செய்து, மின்வில்லால் பற்றவைத்தனர். 'கைசர் வில்ஹெல்ம் 2' என்னும் பெருங்கப்பல் 'அகமெம்னான்' என்று பெயர் மாற்றம் பெற்று, அவ்வாண்டு முடிவதற்குள் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சை நோக்கிப் புறப்பட்டது. செப்பனிடத் தெரிந்தவர் கையில் உடைந்த பொருள் வீணாவதில்லை என்பதை உடைத்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அலுமினியத்தின் முறை பிறகு வந்தது. முதலில் உப்புப் பொருள்களாலான பற்றாசைத் தடவிப் படலத்தைக் கரைத்தார்கள். வேலை முடிந்தபின் அதனைக் கழுவி நீக்காவிடில், எஞ்சிய உப்பே உலோகத்தை அரித்துவிடும். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் கலிபோர்னியாவில் நார்த்ராப் விமான நிறுவனத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் மெரிடித் வேறு வழி கண்டார். டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில்லை எழுப்பி, அதனைச் சூழ ஹீலியம் வாயுவைப் பாய்ச்சினார். காற்று அண்டாததால் உலோகம் கெடவில்லை. 1942-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மக்னீசியத்துக்கென்று பிறந்த அம்முறை பின்னர் ஆர்கான் வாயுவோடும் மாறுதிசை மின்னோட்டத்தோடும் அலுமினியத்துக்கு ஏற்றதாயிற்று. மின்னோட்டம் திசை மாறி டங்ஸ்டன் முனை நேர்மின்முனையாகும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸைடு படலம் உடைந்து விலகுகிறது. இன்று பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று வழங்குவது இதுவே.

இனி, விரிசல் கண்ட தொட்டியைச் செப்பனிடும் முறையைக் காண்போம். எண்ணெயை வடித்து, உறையைக் கழற்றித் தூய்மை செய்வர். மண்ணெண்ணெயைத் தடவித் துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவினால், உள்ளே புகுந்த எண்ணெய் வெளிப்பட்டு விரிசலின் இரு நுனிகளையும் காட்டும். அந்த நுனிகளில் சிறு துளையிடுவர். கூர்மையான நுனியில் குவியும் விசை வட்டத் துளையில் பரவிவிடுவதால் விரிசல் மேலும் ஓடாது. பின்னர் விரிசல் நெடுகப் பள்ளம் தோண்டுவர். வார்ப்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெயை மிதமாகச் சூடேற்றி வெளியேற்றுவர்; அது எஞ்சினால் பற்று முழுதும் குமிழியாகும். அதன் பின்னரே சிலிகன் கலந்த அலுமினியக் கம்பியால் பள்ளத்தை நிரப்பி, மெல்ல ஆறவிடுவர். முடிவில் இணைப்பு முகம் கோணாமல் இருக்கிறதா என்று பார்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவைச் சோதிப்பர்.

எபாக்ஸி என்னும் பசை, எண்ணெய்ப் பசையற்ற இடத்தில் சிறு கசிவை நிறுத்தும். ஆயினும் அதனை வீடு சேர்வதற்கான துணையாகவே கொள்ளுதல் நலம். சில உறைகள் மக்னீசியக் கலப்பினால் ஆனவை. அவை தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. விரிசல் பேரிங்கின் இருப்பிடம்வரை ஓடியிருந்தால், பற்று வைப்பதைவிடப் புதிய உறையை மாற்றுவதே அறிவுடைமை.

மாணவர்களே, ஆக்ஸைடு என்பது உங்கள் வேதியியல் நூலில் ஒரு சொல். மின்னோட்டத்தின் திசைமாற்றம் இயற்பியலில் ஒரு பாடம். ஒரு பட்டறையின் மூலையில் அவ்விரண்டும் ஒரு தொழிலாளியின் கையில் கூடும்போது, முகம் தெரியாத ஒருவர் பாதுகாப்பாக வீடு திரும்புகிறார். அடுத்த முறை அத்தகைய பட்டறையைக் கடக்கும்போது, மின்வில்லை வெறுங்கண்ணால் நோக்காமல் சற்று விலகி நின்று, வேலை முடிந்தபின் அந்தத் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். நூலில் படித்ததற்கு அவர் விளக்கம் தருவார்.