மலைக்காட்டில் நீராவியும் டீசலும்

வெட்டிய மரத்தை மலையிலிருந்து சமவெளிக்குக் கொண்டுவருவது எப்படி? காட்டுத் தொழிலின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம். மரத்தை வீழ்த்தக் கோடரியும் இரண்டு ஆட்களும் போதும். வீழ்ந்த மரம் பல டன் எடை கொண்டது. அது கிடக்கும் இடமோ பாதையற்ற சரிவு. யானையைக் கொண்டு இழுத்தார்கள்; எருதுகளைப் பூட்டினார்கள்; சரிவில் உருட்டினார்கள்; ஆற்றில் மிதக்கவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி யந்திரம் வந்து இவற்றோடு சேர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டில் டீசல் வந்து நீராவியை விலக்கியது. அந்த மாற்றம் மலைக்காடுகளில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இன்று காண்போம்.

ரயிலும் காடும் ஒன்றையொன்று அறிந்தது நம் சேலம் சீமைக்குப் புதிய செய்தியன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1861ஆம் ஆண்டளவில் சேலத்தை எட்டியது. தண்டவாளத்தைத் தாங்கச் சிலீப்பர் கட்டைகள் வேண்டியிருந்தன. எஞ்சினின் வயிற்றை நிரப்ப விறகு வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்து மலைகளே கொடுத்தன. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்ட ஹியூ கிளெக்ஹார்ன், ரயில்வேயின் மரத் தேவை காடுகளை எவ்வளவு விரைவாகக் கரைக்கிறது என்று அப்போதே கவலைப்பட்டு எழுதினார். ஆகவே, நீராவி யந்திரம் மலைமேல் ஏறுவதற்கு முன்பே, சமவெளியில் நின்றபடியே மலையை உண்ணத் தொடங்கிவிட்டது எனலாம்.

அது மலைக்குள்ளேயே புகுந்த கதைக்குச் சிறந்த சான்று, கொச்சி சமஸ்தானத்தின் காட்டு டிராம் பாதை. நம் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலையை அடுத்துள்ளது பரம்பிக்குளம். தேக்கும் ஈட்டியும் செழித்த காடு அது. அங்கிருந்து சாலக்குடி வரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரத்துக்கு மீட்டர் அகலப் பாதை ஒன்றை அமைத்து, 1907இல் ஓடவிட்டார்கள். சமவெளிக்கு வந்த மரம் கொச்சித் துறைமுகத்தின் வழியே கடல் கடந்தது.

மலையின் செங்குத்தான பகுதிகளில் நீராவி எஞ்சினால் ஏற இயலாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். ஆதலால் சமமான இடங்களில் மட்டும் எஞ்சின் இழுத்தது. சரிவுகளில் எஞ்சினே இல்லை. மரத்தின் பாரமே வேலை செய்தது! சரிவின் உச்சியில் பெரிய உருளை. அதில் இரும்பு வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி, மறுமுனையில் வெற்று வண்டி. பாரவண்டி கீழே இறங்க, வெற்று வண்டி தானே மேலே ஏறும். நம் தோட்டங்களில் கவலை இறைத்ததை நினைவுகூர்ந்தால் இது எளிதில் விளங்கும். எருதுகள் சரிவில் இறங்க, சால் மேலே எழும். தத்துவம் ஒன்றே. ஆனால் அங்கே எருதுக்கு அறிவு உண்டு. இங்கே பாரத்துக்கு அறிவு இல்லை. அதை அடக்கப் பிரேக் பிடிப்பவனின் கண்ணும் கையும் ஒரு நொடியும் தவறாமல் இருக்கவேண்டும்.

பிற நாடுகள் இதே இடர்ப்பாட்டை வேறு வகையில் தீர்த்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மரத் தொழிலாளரான எஃப்ராயிம் ஷே என்பவர், எஞ்சினின் எல்லாச் சக்கரங்களையும் பல்சக்கரங்களால் இயக்கும் ஒரு வகையைக் கண்டார். 1880 முதல் லைமா என்ற ஊரின் தொழிற்சாலை அவற்றைச் செய்தது. அவை மெல்லச் செல்லும். ஆனால் செங்குத்திலும் கோணலான பாதையிலும் விடாது இழுக்கும். 1945 வரை இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. தைவான் தீவின் ஆலிசான் மலைப்பாதை 1912இல் திறக்கப்பட்டபோது, கடல்மட்டத்துக்கு அருகிலிருந்து 2,200 மீட்டர் உயரம்வரை ஏறி மரம் இறக்கியவை இந்த ஷே எஞ்சின்களே.

இனி டீசலைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அந்தச் சூட்டிலேயே எண்ணெயைப் பற்றவைக்கலாம் என்று கண்டவர் ஜெர்மானியரான ருடால்ப் டீசல். 1897இல் அவருடைய யந்திரம் வெற்றி கண்டது. நீராவி எஞ்சினைக் காலையில் ஓட்டவேண்டுமானால், விடியுமுன்பே நெருப்பு மூட்டி நீரைக் கொதிக்கவைக்க வேண்டும். வழியில் அடிக்கடி தண்ணீர் பிடிக்கவேண்டும். தீ எரிக்கத் தனி ஆள் வேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, அதன் புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி கோடைக்காலத்துச் சருகில் விழுந்தால் காடே தீக்கிரையாகும். டீசலுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. நினைத்தபோது கிளம்பும்; நின்றபோது எரிபொருள் உண்ணாது.

இத்தனை நன்மை இருந்தால், மலைக்காட்டு ரயில்களெல்லாம் டீசலுக்கு மாறித் தழைத்திருக்க வேண்டுமல்லவா? சில மாறின. ஆலிசானில் 1970களுக்குள் டீசல் எஞ்சின்கள் ஷே எஞ்சின்களின் இடத்தைப் பிடித்தன. ஜப்பானின் கிசோ மலைக்காட்டிலும் டீசல் இழுத்தது. ஆனால் அந்தப் பாதையும் 1970களின் நடுவில் மூடப்பட்டது. உலகெங்கும் பல காட்டு ரயில்கள் டீசலைக் காணாமலே மறைந்தன. பரம்பிக்குளத்துப் பாதையும் அவ்வாறே. செலவு வரவை மிஞ்சியது; சுதந்திரத்திற்குப் பின் வந்த ஆண்டுகளில் அதன் பணி ஒடுங்கி, 1963 அளவில் அது முற்றும் மறைந்தது.

அவற்றை வென்றதும் டீசல்தான். ஆனால் அது தண்டவாளத்தின்மேல் வரவில்லை. ரப்பர்ச் சக்கரத்தின்மேல், லாரியாக வந்தது. ரயிலுக்குப் பாலம் வேண்டும், மண்ணை வெட்டிச் சமன்செய்த பாதை வேண்டும். ஒரு பள்ளத்தாக்கின் மரம் தீர்ந்தால் பாதையைப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்ல வேண்டும். லாரிக்கு மண்சாலை போதும். மரம் வெட்டிய இடத்திலேயே ஏற்றி, வழியில் இறக்கி மாற்றாமல், மரம் அறுக்கும் பட்டறைவரை அது கொண்டுசேர்க்கும். பின்னர் 1960களில் பரம்பிக்குளம்–ஆழியாறு அணைத் திட்டம் வந்தது. இன்று பரம்பிக்குளத்துக்குச் செல்ல விரும்புவோர் பொள்ளாச்சி வழியாக, டாப் ஸ்லிப் சாலையில்தான் செல்கிறார்கள்.

இந்த மாற்றத்தை நாமக்கல் மக்களாகிய நாம் அயலார் கதையாகக் கேட்க இயலாது. மழை பொய்த்த நிலத்தை நம்பமுடியாமல் லாரியை நம்பிய ஊர் நம்முடையது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளாலும், எரிவாயு டேங்கர் லாரிகளாலும் இந்தியா முழுவதும் நம் பெயர் அறியப்பட்டது. சேலம்–கரூர் பாதையில் நாமக்கல்லுக்கு ரயில் வந்ததோ 2013இல்தான். பிற ஊர்களில் ரயிலுக்குப் பின் லாரி வந்தது. நம் ஊரில் லாரிக்குப் பின் ரயில் வந்தது!

மேற்குமலையில் நீராவி இன்றும் ஒரிடத்தில் உயிர்வாழ்கிறது என்பதையும் சொல்லவேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899இல் திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். குன்னூருக்கு மேலே, ஏற்றம் குறைந்த உதகைப் பகுதியில் டீசல் எஞ்சின் இழுக்கிறது. ஆனால் பல்வரிசைப் பகுதியில் நீராவி எஞ்சினே தொடர்கிறது. நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயை எரிக்கும் எஞ்சின்களும் வந்தன. திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையே அவற்றைப் புதிதாகச் செய்துகொடுத்தது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இது மக்களை ஏற்றும் பாதை. மரம் தீர்ந்தால் முடிந்துபோகும் பாதையன்று. அதனால்தான் அது நிலைத்தது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது என்ன? நீராவி கெட்டது, டீசல் நல்லது என்று எண்ணிவிடலாகாது. நீராவி ரயில் தன் பாதை சென்ற இடத்து மரத்தை மட்டுமே எடுத்தது. அதற்கு அப்பாலிருந்த சரிவு பிழைத்துக்கொண்டது. டீசல் லாரியோ எந்தச் சரிவையும் எட்டியது. சிறந்த யந்திரம் காட்டைக் காக்கவில்லை. கோடரியின் கையைத்தான் நீட்டிவிட்டது. காட்டைக் காத்தது சட்டமும் மக்கள் மனமாற்றமுமே. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மரத்துக்காக ரயில் விட்ட அதே பரம்பிக்குளம், 2010இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

எந்த யந்திரம் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். அது எதை உண்கிறது? யாருடைய கைவேலையை நீக்குகிறது? இதுவரை எட்டாதிருந்த எதை இனி எட்டச் செய்கிறது? முதற்கேள்விக்கு விடை விலைப்பட்டியலிலேயே கிடைத்துவிடும். இரண்டாவதைத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும். மூன்றாவதன் விடை மட்டும் ஒரு தலைமுறை கழித்தே தெரியவரும். அதனால் அதை முதலிலேயே கேட்டுவைப்பது நலம்.