‘ஆல்’ என்னும் ஓர் உருபு: மாம்பழக் கவிச்சிங்க நாவலரின் இளமை குறித்து

பழனியில் தோன்றிய மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) சிறு பிராயத்திலேயே வைசூரிக்கு இரு விழிகளையும் பறிகொடுத்ததால் அபாரமான ஞாபகசக்தி பெற்றார் என்றும், அச்சக்தி தந்த துணிவே அவரைச் சேது சமஸ்தானத்து வித்துவசபையில் நிமிர்ந்து நிற்க வைத்தது என்றும் ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அவ்வாக்கியத்தின் ‘ஆல்’ என்னும் உருபை மட்டும் இக்கட்டுரை ஏற்க மறுக்கிறது.

இக்கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, நாவலரை ஏகசந்தக்கிராகி, அதாவது ஒருமுறை கேட்டதை மறவாதவர், என்று சொல்லும் வழக்காகும். இவ்வழக்கைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் இது யாருடைய சாட்சி என்று கேட்க வேண்டும். சபையில் அமர்ந்து முற்றிய வித்தையைக் கண்டு வியந்தவர்களின் சாட்சியே இது. பழனி மலையடிவாரத்தில் ஒரு குழந்தை இருளில் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கற்ற ஆண்டுகளை அவர்கள் கண்டவர்களல்லர். கேட்டவர்கள் அறிந்தது ஒருமுறை. கற்றவர் பட்டதோ பலமுறை.

இவ்விடத்தில் பதினேழாம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியாரைப் பற்றிய கர்ணபரம்பரைச் செய்தி துணைசெய்யும். பிறவியிலேயே கண்ணற்ற அவர், தம் முதுகில் பிறரை எழுதச் செய்து எழுத்துக்களை அறிந்தார் என்பர். இது நடந்ததா என்று நிறுவ வழியில்லை. ஆனால் கதை தன்னையறியாமலே ஓர் உண்மையைக் காத்து வைத்திருக்கிறது: திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் மணலில் விரலோட்டும்போது, இப்பிள்ளைக்கு முதுகே மணலாயிற்று, அகரத்தின் சுழி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்பதைத் தோலால் உணரும்வரை ஒருவர் சலிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். கண்ணின்மையே கல்வியைத் தருமாயின் அந்த விரலுக்கு அங்கே வேலை என்ன?

நாவலருக்கும் இத்தகைய ஒரு கை இருந்திருக்க வேண்டும் என்பதே என் துணிபு. நிகண்டையும் நன்னூலையும் கண்ணில்லாத சிறுவன் கற்பதென்றால், ஏடு பிடித்து ஒருவர் ஓத, அவன் திருப்பிச் சொல்ல, பிழைத்த சீரில் நிறுத்தி மீண்டும் ஓதுவதையன்றி அக்காலத்தில் வேறு வழியில்லை. தான் சொன்ன அடி சரியென்று தானே பார்த்து அறிய இயலாத பிள்ளைக்கு, ஏடு பிடித்தவர் “சரி, மேலே சொல்” என்று ஒவ்வொரு நாளும் சொன்ன சொல்லே தன்மீதுள்ள நம்பிக்கையாக நாளடைவில் உறைந்திருக்கும். தன்னம்பிக்கை என்று நாம் வழங்குவது முதலில் பிறர் வைத்த நம்பிக்கையே என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு புலன் குன்றினால் மற்றொன்று கூர்மையடையும் என்பார் உளர். செவி கூர்மையாவது வேறு, நிகண்டு மனத்தில் நிற்பது வேறு. 1907இல் சென்னையில் ஒரே அமர்வில் நூறு செயல்களை மனத்தில் நிறுத்திச் சதாவதானம் செய்த செய்குத்தம்பிப் பாவலர் கண்ணுள்ளவரே. பழனியாண்டவன் அருள் என்பாரோடு எனக்கு வழக்கில்லை. அருள் எவ்வழியாக வந்தது என்பதே என் கேள்வி.

துன்பம் தானே மனிதனை வளர்க்கும் என்றால் அந்த நூற்றாண்டு முழுவதும் வைசூரி கண்ணைப் பறித்த குழந்தைகளெல்லாம் புலவராயிருக்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. நாவலருக்கு ஒன்பது வயதாயிருந்த 1845இல், இதே மலைத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் சமவெளியின் நோய்களுக்குத் தப்பும்பொருட்டு முதல் வீடுகளைக் கட்டினர். அடிவாரத்துக் குழந்தைகளுக்கு அந்த மலையேற வழியிருக்கவில்லை. நோய்க்குத் தப்புவதும் தப்பாததும் பிள்ளையின் மனவுறுதியைப் பொறுத்ததன்று. பட்டபின் எழுவது மட்டும் முழுவதும் அப்பிள்ளையின் மனவுறுதியே என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, இனி நாவலரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் ‘கண் இழந்ததால்’ என்பதை விடுத்து, ‘கண் இழந்தபின் கற்பிக்கப்பட்டதால்’ என்று எழுதுவார்களாக. கற்பித்தவர்களைப் பற்றிப் பழனியில் இன்னும் கிடைக்கக்கூடிய செய்திகளையும் முதல் அத்தியாயத்திலேயே சேர்ப்பார்களாக.