மாப்பசானின் அட்டிகையும் நான் தவறாகச் சொன்ன நீதியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்தபோது, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது வழக்கம். பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் வைர அட்டிகைக் கதை அதில் ஆண்டுதோறும் உண்டு.

பலருக்கும் தெரிந்த கதைதான். பாரிஸில் ஒரு குமாஸ்தாவின் மனைவி மத்தில்டா. அமைச்சக விருந்துக்குப் போகத் தோழியிடம் அட்டிகை இரவல் வாங்குகிறாள். திரும்பும் வழியில் அது தொலைந்துவிடுகிறது. கணவனும் மனைவியும் கடன்பட்டு அதேபோல் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, பத்து ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைக்கிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, தோழி கொடுத்தது போலி என்று.

"பெண்ணுக்கு ஆடம்பர ஆசை வந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்" என்று நீதி சொல்லி முடிப்பேன். ஒருமுறை ஒரு மாணவி எழுந்து, "தொலைஞ்சதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?" என்று கேட்டாள். "சொல்லியிருந்தால் கதை ஏது, உட்காரும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது.

ஓய்வுபெற்ற பிறகு மறுபடி படித்தபோதுதான், அவள் கேட்டதுதான் சரியான கேள்வி என்று புரிந்தது.

இந்தக் கதை 1884 பிப்ரவரி 17 அன்று 'லெ கோலுவா' என்ற பாரிஸ் நாளிதழில் வந்தது. பிரான்ஸில் பேரரசு வீழ்ந்து குடியரசு வந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. சாதாரணக் குமாஸ்தாவுக்கும் அமைச்சக விருந்துக்கு அழைப்பு வரும். ஆனால் உள்ளே போனால் உடுத்தியிருப்பதையும் அணிந்திருப்பதையும் வைத்துத்தான் மதிப்பு. மாப்பசானுக்கு இது நன்றாகத் தெரியும். 1872 முதல் கடற்படை அமைச்சகத்திலும், பிறகு கல்வி அமைச்சகத்திலும் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். மத்தில்டாவின் கணவனையும் அந்தக் கல்வி அமைச்சகத்திலேயே உட்காரவைத்தார்.

போலிக் கற்களும் பாரிஸுக்குப் புதிதல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ் ஸ்ட்ராஸ் என்ற நகை வணிகர், ஈயம் கலந்த கண்ணாடியில் வைரம்போல் மின்னும் கற்கள் செய்து அரசருக்கே நகை வணிகரானார். பணக்காரர்களும் போலி அணிவார்கள். மத்தில்டாவுக்கு மட்டும் அது தோன்றவில்லை. பணக்காரி கழுத்தில் கிடந்தால் அசல்தான் என்று நம்பினாள்.

இப்போது கணக்குக்கு வருவோம். புது அட்டிகையின் விலை 36,000 பிராங்க். அப்பா விட்டுப்போன 18,000 கணவனிடம் இருந்தது. மீதி 18,000 கடன். இரவில் அவன் பக்கத்துக்கு ஐந்து சூ கூலிக்குப் படியெடுக்கிறான். ஒரு பிராங்குக்கு 20 சூ. அந்தக் கூலியில் மட்டும் அடைப்பதென்றால், வட்டி இல்லாமலே 72,000 பக்கம் எழுத வேண்டும்! தொலைந்ததன் மதிப்போ அதிகம் போனால் 500 பிராங்க்.

இந்தக் கதையில் நான் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அட்டிகை தொலைந்ததும், "கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன் என்று தோழிக்கு எழுது" என்கிறான் கணவன். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவர்கள் வாழ்க்கை தடம் மாறியது அந்தக் கடிதத்தில்தான். ஆசைப்பட்டது அவள். மறைக்கும் வழி சொன்னது அவன். நான் இத்தனை ஆண்டுகளும், அதுவும் பெண்பிள்ளைகள் முன்னால், அவளை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பிப்ரவரி முடிவதற்குள் பழையது கிடைத்துவிட்டால், புதியதை 34,000 பிராங்குக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். வாங்கிய வைரத்தைத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. எழுதிய பொய்யைத் திருப்பி வாங்க வழி இல்லை. தோழி பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதற்கு முந்தைய ஆண்டு, 1883இல், மாப்பசான் 'நகைகள்' என்ற கதையும் எழுதினார். அதில் எல்லாம் தலைகீழ். மனைவி இறந்த பிறகு, போலி என்று நினைத்திருந்த அவள் நகைகளைக் கணவன் விற்கப் போகிறான். எல்லாம் அசல்! 3,500 பிராங்க் ஆண்டுச் சம்பளக்காரன் வீட்டில் அவை எப்படி வந்தன? அவனுக்குப் புரிந்துவிடுகிறது. முதலில் வெட்கத்தில் குறுகுகிறான். பிறகு 1,96,000 பிராங்குக்கு விற்றுவிட்டு வேலையை உதறுகிறான். முதல் கதையில் உண்மையைச் சொல்ல வெட்கம். இரண்டாவதில் உண்மை தெரிந்தும் அதை விலைக்கு விற்கத் துணிவு.

கேள்வி கேட்ட மாணவிக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அம்மா, அன்று நீ கேட்டதுதான் சரி. அதற்குப் பதில் சொல்லாமல் சிரிக்கவைத்து உட்காரவைத்தது என் தவறு. சொல்லத் தாமதமாகிவிட்டது.