அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் ஆவணத் தாமதங்கள்

அமெரிக்காவில் போரில் காயம்பட்ட அல்லது படைப்பணியால் நோயுற்ற முன்னாள் வீரர் அரசிடம் உதவித்தொகை கோரும்போது மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது உடலில் உள்ள குறை, பணிக்காலத்தில் நடந்த நிகழ்வு, இரண்டுக்கும் உள்ள தொடர்பு. இவற்றுள் இரண்டாவதற்கான சான்று பெரும்பாலும் வீரரிடம் இருப்பதில்லை. அது அரசின் கிடங்கில் இருக்கும் கோப்பில் உள்ளது. நிரூபிக்கும் பொறுப்பு ஒருவரிடமும் காகிதம் வேறொருவரிடமும் இருப்பதே இந்தத் தாமதங்களின் வேர். இதன் வரலாறு அந்நாட்டின் முதல் போரிலேயே தொடங்குகிறது.

தொடக்ககால இழப்புகள்

1800 நவம்பர் 8 அன்று வாஷிங்டனில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து, விடுதலைப் போர் வீரர்கள் அதுவரை கொடுத்திருந்த ஓய்வூதிய மனுக்கள் அழிந்தன. 1832-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் போரில் பிழைத்திருந்த முதியவர்களுக்கு ஓய்வூதியம் அளித்தபோது, காகிதம் இல்லாதவர்கள் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து தம் போர்க்கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய தளபதியின் பெயரையும், நடந்த ஊர்களையும் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னார்கள். அந்த வாக்குமூலங்கள் இன்று வரலாற்றாசிரியர்களுக்குப் புதையல். சொன்னவர்களுக்கு அது சோதனையாகத்தான் இருந்திருக்கும்.

உள்நாட்டுப் போருக்குப் பின் ஓய்வூதியம் கேட்போர் லட்சக்கணக்கில் பெருகினர். ஒவ்வொரு மனுவுக்கும் ஓய்வூதிய அலுவலகம் போர்த்துறையிடம் சான்று கேட்டது. எழுத்தர்கள் புரட்டிப் புரட்டி வருகைப் பட்டியல்கள் கிழிந்தன. 1880-களின் இறுதியில் இராணுவ மருத்துவரான ஃபிரெட் ஐன்ஸ்வொர்த், பட்டியல்களில் இருந்த தகவலை வீரருக்கு வீரர் தனித்தனி அட்டைகளில் படியெடுக்கச் செய்து, தேங்கிக் கிடந்த பல்லாயிரம் மனுக்களைத் தீர்த்தார். ஆனால் அந்த எழுத்தர்கள் வேலை செய்த இடம், ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட அதே ஃபோர்டு நாடக அரங்கக் கட்டடம். 1893 ஜூன் 9 அன்று அடித்தளத்தில் மண் தோண்டும் பணி நடந்தபோது அதன் தளங்கள் சரிந்து 22 பேர் இறந்தனர்.

1973 செயின்ட் லூயிஸ் தீ விபத்து

இருபதாம் நூற்றாண்டின் பெருங்கேடு மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டிய ஓவர்லாண்டில் நிகழ்ந்தது. அங்கிருந்த தேசியப் பணியாளர் ஆவண மையம் ஆறு மாடிக் கட்டடம். பின்னாளில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தை வடிவமைத்த மினோரு யமாசாகியின் பணி அது. ஆவணக் கிடங்குகளில் தண்ணீர் தெளிப்பான் வைப்பது நல்லதா என்பது அக்காலத்தில் விவாதத்திலிருந்த கேள்வி. தீயைவிடத் தண்ணீரே காகிதத்துக்குப் பகை என்று கருதியவர்கள் இருந்தனர். ஆறாம் மாடியில் தெளிப்பானும் இல்லை, தீத்தடுப்புச் சுவரும் இல்லை.

1973 ஜூலை 12 நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் ஆறாம் மாடியில் தீ தெரிந்தது. 42 தீயணைப்பு மாவட்டங்கள் உதவிக்கு வந்தன. தீ முழுதும் அணைந்ததாக அறிவிக்க நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. காரணம் உறுதியாக நிறுவப்படவில்லை.

எரிந்தவை 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள். 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் 80 விழுக்காடு போயின. விமானப்படையில் 1947 செப்டம்பருக்கும் 1964 தொடக்கத்துக்கும் இடையே விலகியோரில், அகரவரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின் வருவோரின் கோப்புகளில் 75 விழுக்காடு அழிந்தன. ஒருவரின் உதவித்தொகை அவருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்தால் தீர்மானமானது என்று சொன்னால் மிகையில்லை. இந்தக் கோப்புகளுக்கு நகலோ நுண்படமோ எடுக்கப்படவில்லை. உள்ளே எவை இருந்தன என்பதற்கு ஓர் அட்டவணைகூடக் கிடையாது.

எரியாதவை நனைந்திருந்தன. பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தைமால் தெளித்தார்கள். ஈரக் கட்டுகளைப் பிளாஸ்டிக் பால் பெட்டிகளில் அடுக்கி, மெக்டானல் டக்ளஸ் விமான நிறுவனத்தின் வெற்றிட அறைக்குக் கொண்டு போனார்கள். ஒரு முறைக்கு ஏறத்தாழ 2,000 பெட்டிகள் உள்ளே சென்றன. அவற்றிலிருந்து சுமார் 8 டன் தண்ணீர் வெளியேறியது. இவ்வாறு சுமார் 65 லட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன.

மீளாத கோப்புகளுக்குப் பதிலாக வேறு இடங்களில் தேட வேண்டியிருந்தது: கடைசிச் சம்பளச் சீட்டுகள், படைப்பிரிவின் அன்றாட வருகை அறிக்கைகள், மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள். வீரரிடமும் கேட்டார்கள்: எந்தப் பிரிவு, எந்த மாதம், எந்த முகாம், எந்த மருத்துவமனை? கொரியப் போரில் காலில் பனிக்கடி பட்டவர் முப்பது ஆண்டு கழித்து மாதத்தை மறந்திருந்தால் தேடல் அங்கேயே நின்றது. வீட்டுக்கு எழுதிய கடிதமும், உடன் பணியாற்றியவரின் கையெழுத்திட்ட வாக்குமூலமும் சான்றாயின. 1832-இன் முதியவர்கள் நின்ற இடத்துக்கே அவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர்.

1991-இல் முன்னாள் வீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓஹேர் வழக்கில், அரசின் காவலில் கோப்பு தொலைந்திருந்தால் முடிவுக்கான காரணத்தை விளக்கவும், ஐயத்தின் பலனை வீரருக்கு அளிப்பதைக் கருதிப் பார்க்கவும் அரசுக்குக் கூடுதல் கடமை உண்டு என்றது. தொலைந்ததாலேயே கோரிக்கை வென்றுவிடும் என்று அது சொல்லவில்லை.

கோரிக்கைக் கோப்பு

பணிக்கோப்பு ஒருபுறமிருக்க, முன்னாள் படைவீரர் விவகாரத் துறை ஒவ்வொரு மனுதாரருக்கும் தனிக் கோரிக்கைக் கோப்பு வைத்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனை அறிக்கையும் மறுப்புக்கான அடிப்படையும் அதில்தான் உண்டு. அதைப் பார்க்காமல் மேல்முறையீடு செய்வது இருட்டில் துழாவுவதே. தனியுரிமைச் சட்டத்தின்படி நகல் கேட்கும் உரிமை உண்டு. கிடைக்க மாதக்கணக்கில் ஆவது வழக்கம். கோப்புகள் காகிதமாக இருந்த காலத்தில் கோப்பு ஒன்றுதான் என்பதால், பரிசீலனை அதிகாரியின் மேசையில் இருக்கும்போது அதை நகலெடுக்க இயலவில்லை. நகலெடுக்கப் போனால் பரிசீலனை நின்றது. 2012-இல் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் அலுவலகத்தை ஆய்வு செய்த தலைமை ஆய்வாளர் அலுவலகம், சுமார் 37,000 கோப்புகள் அலமாரிகளின் தலைமேல் அடுக்கப்பட்டிருந்ததையும், அந்த எடை தரையின் தாங்குதிறனை மீறியதையும் பதிவு செய்தது. அதையடுத்த ஆண்டுகளில் கோப்புகள் மின்னணு வடிவுக்கு மாற்றப்பட்டன.

பெருந்தொற்றும் அதன் பின்னும்

பழைய பணிக்கோப்புகள் காகிதத்திலேயே நீடித்தன. 2020 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் மையம் மூடப்பட்டு, அவசர சிகிச்சை, அடக்கம் போன்ற தேவைகளுக்கு மட்டும் இயங்கியது. அலமாரியில் உள்ள காகிதத்தை வீட்டிலிருந்து எடுக்க முடியாது. 2022 மார்ச்சில் நிலுவை சுமார் 6 லட்சம் விண்ணப்பங்களை எட்டியது. அது தீர 2024 தொடக்கம் ஆயிற்று.

மையம் 2011-இல் ஸ்பானிஷ் லேக் பகுதியில் புதிய கட்டடத்துக்கு மாறியது. தீயில் கருகிய கோப்புகள் அங்கே வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட தனிக்கிடங்கில் உள்ளன. ஒரு வீரரோ அவரது வாரிசோ விண்ணப்பம் அனுப்பும்போதுதான் அவரது கோப்பு எடுக்கப்படுகிறது. ஊழியர்கள் ஒட்டிக்கிடக்கும் தாள்களைப் பிரித்து, பூஞ்சையைத் துடைத்து, ஓரம் கரிந்த பக்கத்தில் மிஞ்சியிருக்கும் வரிகளைப் படியெடுக்கிறார்கள்.